மங்கா ஏன் இன்னும் கருப்பு வெள்ளையில் வருகிறது? கலர் சேர்த்தால் என்ன மாறும்?

'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' அனிமே படம் 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்கோடு தியேட்டர்களுக்கு வந்தது. ஹீரோ தஞ்சிரோ வாளைச் சுழற்றினால் நெருப்பு ஆரஞ்சும் சிவப்புமாகத் திரை முழுக்கப் பரவும். அதே சூட்டோடு 'அடுத்து என்ன நடக்கும்?' என்று தெரிந்துகொள்ள மூலக் கதையான மங்காவைத் தேடிப் போனவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. மொத்தம் 23 தொகுதிகள். அட்டை மட்டும்தான் கலர். உள்ளே நெருப்பும் கருப்பு வெள்ளை, ரத்தமும் கருப்பு வெள்ளை.

புல்லட் ரயில் விட்ட நாடு ஜப்பான். கலர் டிவியை உலகம் முழுக்க விற்ற நாடு. அங்கே காமிக்ஸ் மட்டும் ஏன் இப்படி? காசை மிச்சம் பிடிக்கிறார்களா, இல்லை இதுதான் ஸ்டைலா?

இரண்டுமே உண்மை. மலிவாக இருக்கட்டும் என்று எடுத்த ஒரு முடிவு, 70 வருடத்தில் தனி வரைகலையாகவே வளர்ந்துவிட்டது. இப்போது பெரும்பாலானோர் போனில் படிக்கிறார்கள். அங்கே மை செலவும் இல்லை, காகிதச் செலவும் இல்லை. அப்படியிருந்தும் மங்கா கருப்பு வெள்ளையை விடவில்லை. ஏன் என்று பார்க்கலாம்.

'மரபு' என்ற பதில் சரியா?

சோஷியல் மீடியாவில் இந்தக் கேள்வி வந்தால் உடனே ஒரு பதில் வரும்: 'கருப்பு மையில் தூரிகை ஓவியம் வரைவது ஜப்பானின் பழைய மரபு, அதன் தொடர்ச்சிதான் மங்கா' என்று. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வரலாறு அவ்வளவு நேராகப் போகவில்லை.

ஜப்பானின் புகழ்பெற்ற மரப்பலகை அச்சு ஓவியங்கள் 1765 வாக்கிலேயே பல வண்ணங்களில் வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். 'மங்கா' என்ற பெயரோடு உலகம் முழுக்கத் தெரிந்த பழைய படப் புத்தகம், ஓவியர் ஹொகுசாயின் 'ஹொகுசாய் மங்கா'. 1814-ல் முதல் தொகுதி வந்தது. அதுகூட சுத்தமான கருப்பு வெள்ளை இல்லை. கருப்போடு சாம்பல் நிறமும் வெளிர் இளஞ்சிவப்பும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் பக்கத்தில் வருவோம். 1930-களில் ஜப்பான் சிறுவர்களிடம் சக்கைப்போடு போட்ட தொடர் 'நொரகுரோ'. ராணுவத்தில் சேரும் ஒரு கருப்பு தெருநாயின் கதை. 1931-ல் சிறுவர் இதழில் தொடராகத் தொடங்கியது. புத்தகமாக வந்தபோது கெட்டி அட்டை, உள்ளே வண்ணப் படங்கள். ஆக, போருக்கு முந்தைய தலைமுறைக்குக் கலர் மங்கா புதிதே இல்லை.

அப்படியென்றால் கலர் எங்கே போனது?

பேப்பர் பஞ்சம் செய்த வேலை

இரண்டாம் உலகப் போர் காலத்தில் ஜப்பானில் காகிதத்துக்கும் ரேஷன் வந்தது. 1945-ல் போர் முடிந்த பிறகும் நல்ல காகிதம் அரசு ஒதுக்கீட்டில்தான் கிடைத்தது. ஒசாகாவில் பொம்மையும் மிட்டாயும் மொத்தமாக விற்கும் மட்சுயாமாச்சி பகுதியில் இருந்த சின்னச் சின்ன பதிப்பாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒதுக்கீட்டுக்குள் வராத, மட்டமான பழுப்புக் காகிதத்தில் சிறுவர் புத்தகங்களை அடித்துத் தள்ளினார்கள். அட்டையில் சிவப்பு மை தூக்கலாக இருந்ததால் இவற்றுக்கு 'அகாஹோன்', அதாவது சிவப்புப் புத்தகம் என்று பெயர். விற்றது பெரிய புத்தகக் கடைகளில் அல்ல. மிட்டாய்க் கடையிலும் பொம்மைக் கடையிலும்.

1947-ல் இந்த வரிசையில் வந்த 'புதிய புதையல் தீவு' சுமார் 4 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். வரைந்தவர் அப்போது மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த ஒசாமு தெசுகா. பின்னாளில் 'ஆஸ்ட்ரோ பாய்' வரைந்த அதே தெசுகா. இன்றைய மங்காவின் முகமாகப் பார்க்கப்படும் மனிதர் வளர்ந்தது இந்த மட்டக் காகிதத்தில்தான்.

அந்தக் காகிதத்தில் நுணுக்கமான வண்ண அச்சு நிற்காது. மை ஊறிப் பரவும். அடர்த்தியான கருப்புக் கோடு மட்டும் தப்பிக்கும். வரைந்தவர்கள் அதற்கு ஏற்ற மாதிரி வரையப் பழகினார்கள்.

வாரத்துக்கு 19 பக்கம்

காகிதத் தட்டுப்பாடு தீர்ந்த பிறகு கலர் திரும்பி வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் வேகம்.

1959 மார்ச் 17. 'ஷோனென் மேகஸின்', 'ஷோனென் சண்டே' என்று இரண்டு வார இதழ்கள் ஒரே நாளில் தொடங்கின. அதுவரை மாத இதழ்களில் வந்த மங்கா, வாரத் தொடராக மாறியது. 1968-ல் 'ஷோனென் ஜம்ப்' வந்தது. டிராகன் பால், நருட்டோ, ஒன் பீஸ், டீமன் ஸ்லேயர் எல்லாம் இதில் வந்தவைதான். 1995 தொடக்கத்தில் ஜம்ப்பின் ஒரே இதழ் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டி அச்சானது.

ஒரு இதழ் என்றால் சின்னப் புத்தகம் என்று நினைக்க வேண்டாம். சுமார் 20 தொடர்கள், 450 பக்கங்களுக்கு மேல், பார்க்க டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கும். இன்றைக்கும் விலை 300 யென் அளவில்தான்; நம்ம ஊர்க் காசுக்கு 200 ரூபாய்க்குள். பள்ளி மாணவன் பாக்கெட் மணியில் வாங்கி, ரயிலில் படித்து, அப்படியே பழைய பேப்பரோடு போட்டுவிடலாம் என்பதுதான் கணக்கு.

இதில் கலர் எங்கே இடிக்கிறது? ஒரு வண்ணப் பக்கத்தை அச்சிட சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என நான்கு மை, நான்கு அச்சுத் தகடு வேண்டும். நான்கும் இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். விலகினால் முகத்துக்கு இரண்டு உதடு. மலிவான சொரசொரப்புக் காகிதத்தில் இது எடுபடாது. நல்ல காகிதம் வேண்டும். கருப்பு வெள்ளைக்கு ஒரே மை, ஒரே தகடு போதும். 450 பக்கம், லட்சக்கணக்கான பிரதி, வாராவாரம் என்று பெருக்கிப் பார்த்தால் 300 யென் என்ற விலை சாத்தியமே இல்லை.

அச்சகத்தை விடுங்கள், வரைபவரின் நிலைமையைப் பாருங்கள். அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் மாதத்துக்கு 20, 22 பக்கம். பென்சிலில் வரைய ஒருவர், மை போட ஒருவர், கலர் அடிக்க ஒருவர், எழுத்து எழுத ஒருவர். பிரான்ஸ், பெல்ஜியத்தில் 48 பக்க கலர் ஆல்பம் வருடத்துக்கு ஒன்று வந்தாலே வாசகர்கள் காத்திருந்து வாங்குவார்கள். ஜம்ப்பில் தொடர் வரைபவர் வாரத்துக்கு சுமார் 19 பக்கம் தர வேண்டும். கதை யோசிப்பதிலிருந்து கடைசிக் கோடு வரை அவர் பொறுப்பு. பின்னணி வரைய, மை நிரப்பச் சில உதவியாளர்கள் இருப்பார்கள், அவ்வளவுதான். வருடக் கணக்கு போட்டால் 800 பக்கத்துக்கு மேல். இதில் கலரும் சேர்த்துக் கொடு என்று கேட்டால் மனிதர் என்ன ஆவார்?

கலர் பக்கம் என்றால் கௌரவம்

கலரே கிடையாது என்றும் இல்லை. ஒவ்வொரு இதழிலும் சில பக்கங்கள் கலரில் வரும். அவற்றை நல்ல காகிதத்தில் தனியாக அச்சிட்டு இதழோடு சேர்த்துத் தைப்பார்கள். அதனால் கலர் பக்கங்கள் இதழின் முதலிலோ நடுவிலோ குறிப்பிட்ட இடங்களில்தான் வர முடியும். அந்த இடம் எல்லாருக்கும் கிடைக்காது. புதிய தொடர் தொடங்கும்போது கொடுப்பார்கள். ஆண்டுவிழா என்றால் கொடுப்பார்கள். வாசகர் வாக்கெடுப்பில் மேலே இருக்கும் தொடருக்குக் கொடுப்பார்கள். 'இந்த வாரம் முன்பக்க கலர்' என்பது ரசிகர்களுக்கு, கிட்டத்தட்ட ஹீரோவுக்கு கட்அவுட் வைப்பது மாதிரி.

'ஒன் பீஸ்' வரையும் எய்ச்சிரோ ஓடா இந்தப் பக்கங்களுக்குக் கோபிக் மார்க்கர் பயன்படுத்துபவர். வாரம் பூராவும் பேனாவில் வரைந்தவர்கள் தங்கள் கதாபாத்திரத்துக்கு என்ன நிறம் என்று சொல்லும் இடம் இதுதான். சோகம் என்னவென்றால், இதே பக்கங்கள் புத்தகத் தொகுதியாக வரும்போது பெரும்பாலும் சாம்பல் நிறமாகிவிடும். நாம் கடையில் வாங்கும் தொகுதியில் திடீரென்று சில பக்கம் மட்டும் மங்கலாக, அழுக்குப் படிந்த மாதிரி இருந்தால் அச்சுக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அது முதலில் கலரில் வந்த பக்கம்.

கருப்பு ஒன்றை வைத்துக்கொண்டு சாம்பல் எப்படி?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. மங்கா அச்சில் சாம்பல் நிற மை கிடையாது. கருப்பு விழும், இல்லாவிட்டால் காகிதம் தெரியும். இடையில் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தைப் பார்த்தால் நிழல், மேகம், பள்ளிச் சீருடையின் நிறம் எல்லாம் விதவிதமான சாம்பலில் தெரிகிறதே?

அதன் பெயர் ஸ்கிரீன் டோன். மெல்லிய ஸ்டிக்கர் தாள் மாதிரி இருக்கும். மேலே நுண்ணிய கருப்புப் புள்ளிகள் அச்சாகியிருக்கும். தேவையான இடத்தில் ஒட்டி, ஓரத்தைக் கட்டரால் வெட்டி, நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். புள்ளி நெருக்கமாக இருந்தால் கண்ணுக்கு அடர் சாம்பல், விலகியிருந்தால் வெளிர் சாம்பல். அதிகம் பயன்படும் ஒரு ரகம், அங்குலத்துக்கு 60 வரி, 10 சதவீத அடர்த்தி. முகத்தில் விழும் மெல்லிய நிழலுக்கெல்லாம் அதுதான். கட்டர் முனையால் புள்ளிகளைச் சுரண்டினால் மேகம், நீராவி, வெளிச்சம் எல்லாம் வரும். நாள் முழுக்க இதையே செய்யும் உதவியாளர்கள் உண்டு. இப்போது 'கிளிப் ஸ்டுடியோ பெயிண்ட்' போன்ற மென்பொருளில் ஒரு சொடுக்கில் டோன் விழுந்துவிடும். ஆனால் அதுவும் புள்ளியாகத்தான் விழுகிறது.

டோன் தவிர மீதி எல்லாம் பேனா வேலை. நுனி விரியும் ஜி பேனாவில் அழுத்தினால் தடித்த கோடு, விட்டால் மெல்லிய கோடு. கோபம், வேகம், பயம் எல்லாம் கோட்டின் தடிமனில் வந்துவிடும். 'பெர்செர்க்' வரைந்த கென்டாரோ மியுராவின் பக்கங்களில் ஒரு கவசத்தின் பளபளப்புக்கு மட்டும் நூற்றுக்கணக்கான குறுக்குக் கோடுகள் இருக்கும்.

முழுக் கருப்பாக நிரப்புவதற்கு 'பெட்டா' என்று பெயர். இந்த பெட்டாவால்தான் உலகத்தின் மிகப் பிரபலமான தலைமுடி பிறந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? டிராகன் பாலில் கோகு 'சூப்பர் சையன்' ஆகும்போது முடி தங்க நிறமாக மாறும். மங்கா பக்கத்தில் அது வெறும் வெள்ளை. கோகுவின் கருப்பு முடியை மை பூசி நிரப்பவே உதவியாளருக்கு நிறைய நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்த வேலையைக் குறைக்கலாம் என்பதும் ஒரு காரணம் என்று அகிரா டோரியாமாவே சொல்லியிருக்கிறார். டெட்லைன் நெருக்கடியில் மை பூசாமல் விட்ட இடம், டிவியில் தங்கமாக ஜொலித்தது.

நிறமே கதையாக இருந்தால்?

கருப்பு வெள்ளை வெறும் சிக்கனம்தான் என்றால், நிறத்தைப் பற்றிய கதையை அதில் யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் எழுதியிருக்கிறார்கள்.

ஹருகோ இச்சிகாவாவின் 'லேண்ட் ஆஃப் தி லஸ்ட்ரஸ்' 2012 முதல் 2024 வரை வந்தது. கதாபாத்திரங்கள் எல்லாம் ரத்தினக் கற்கள். வைரம், சின்னபார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். முக்கியக் கதாபாத்திரமான ஃபாஸ் வெளிர் பச்சை. இதை ஒரே கருப்பு மையில் எப்படிக் காட்டுவது? அவர் நிறத்துக்குப் பதிலாக முடியின் வடிவத்தையும், ஒளி பட்டுத் தெறிக்கும் இடத்தையும் ஆளுக்கு ஆள் மாற்றினார். பெரிய பெரிய வெற்றிடங்கள், நடுவே கூர்மையான கருப்பு. 2017-ல் அனிமேவாக வந்தபோது கற்கள் உண்மையாகவே கண்ணாடி மாதிரி மின்னின. பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் மங்காவில் இருந்த அந்த ஆள் நடமாட்டமில்லாத அமைதி வேறு ரகம். இரண்டையும் பார்த்தவர்கள் எது மேல் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

சுபாசா யமகுச்சியின் 'ப்ளூ பீரியட்' இன்னும் ஒரு படி மேலே. 2017-ல் தொடங்கிய இந்தத் தொடர் ஓவியக் கல்லூரியில் சேரத் துடிக்கும் ஒரு பள்ளி மாணவனைப் பற்றியது. இரவெல்லாம் நண்பர்களோடு சுற்றிவிட்டு வரும்போது, விடியற்காலை ஷிபுயா நகரம் அவனுக்கு நீலமாகத் தெரிகிறது. அதை அப்படியே நீலத்தில் வரைகிறான். அந்த ஒரு ஓவியம்தான் அவன் வாழ்க்கையைத் திருப்புகிறது. கதையின் ஆதாரமே நீல நிறம், ஆனால் வாசகர் கையில் இருக்கும் பக்கத்தில் நீலம் கிடையாது. அவரவர் பார்த்த ஒரு விடியலை அவரவரே அங்கே போட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர் எதிர் ஆள் 'ஜோஜோ'ஸ் பிசார் அட்வென்ச்சர்' வரையும் ஹிரோஹிகோ அராகி. தன் கதாபாத்திரங்களுக்கு நிலையான நிறமே இல்லை என்பது அவர் கொள்கை. ஒரே ஆள் ஒரு அட்டையில் ஒரு நிற முடியோடு வருவார், அடுத்ததில் வேறு. ஓவியர் கோகெனின் தாக்கம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் கேட்டுக்கொண்டபோது அவர் வரைந்த 'ரோஹன் அட் தி லூவர்' 120 பக்கத்துக்கும் மேல், முழுக்க முழுக்க கலர். வார டெட்லைன் இல்லை என்றால் கலரை மறுக்கிறவர்கள் இல்லை என்பதற்கு இதுவே போதும்.

கருப்பு வெள்ளைக்குக் கலர் அடித்தால்?

இதற்குப் பெரிய உதாரணம் 'அகிரா'. கட்சுஹிரோ ஒடோமோ 1982 முதல் 1990 வரை வரைந்தது. 1988-ல் மார்வெலின் துணைப் பிரிவான எபிக் காமிக்ஸ் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, கருப்பு வெள்ளை அங்கே விலை போகாது என்று நினைத்தார்கள். ஸ்டீவ் ஒலிஃப் என்ற வண்ணக் கலைஞரிடம் வேலை போனது. அவரைத் தேர்ந்தெடுத்ததே ஒடோமோதான். கம்ப்யூட்டரில் கலர் அடிப்பது அப்போது புதுசு. நியான் வெளிச்சம், புகை, சிவப்பு பைக் என்று ஒலிஃப் செய்த வேலை அமெரிக்க காமிக்ஸில் டிஜிட்டல் வண்ணத்துக்கே வழிகாட்டியாகப் பேசப்படுகிறது. 38 இதழ்கள், 1995-ல்தான் முடிந்தது. வெறும் 'மேக்கப்' இல்லை; மூலப் படைப்பாளி தேர்ந்தெடுத்த ஆள், வருடக்கணக்கில் யோசித்துச் செய்த வேலை.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2000-ல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் அதே அகிராவை அமெரிக்காவில் மறுபடி வெளியிட்டது, ஆறு பெரிய தொகுதிகளாக. கருப்பு வெள்ளையில். 12 வருடத்தில் அமெரிக்க வாசகர்களே மூலத்தைக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

ஜப்பானிலும் கலர் முயற்சிகள் நடக்கின்றன. ஷுயெய்ஷா நிறுவனம் 2012 வாக்கில் இருந்து ஒன் பீஸ், நருட்டோ, ஜோஜோ போன்றவற்றுக்கு டிஜிட்டல் கலர் பதிப்புகளை வெளியிட்டு வருகிறது. டிராகன் பால் 2013-ல் அச்சிலும் கலரில் வந்தது. இவற்றுக்குக் கலர் அடிப்பது தனிக் குழு, மூலக் கலைஞர் அல்ல.

நன்மை என்று பார்த்தால், கூட்டமாகச் சண்டை நடக்கும் பக்கத்தில் யார் எங்கே என்று உடனே புரியும். ஒன் பீஸில் ஒரு கட்டத்தில் 30 பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். புதிதாகப் படிப்பவருக்கு கலர் நிஜமாகவே உதவும்.

பிரச்சினை வேறு இடத்தில். கருப்பு வெள்ளைக்காக வரைந்த பக்கத்தில் நிழல் ஏற்கெனவே புள்ளியாகவும் குறுக்குக் கோடாகவும் இருக்கிறது. அதன் மேல் கலர் போட்டால் நிழல் மேல் நிழல் விழுந்து சேறு மாதிரி ஆகும். டோனை நீக்கிவிட்டுக் கலர் போட்டால், கலைஞர் வைத்த வெளிச்சம் போய்விடும். வெள்ளையாக விட்ட பின்னணியும் இதில் மாட்டும். ஒரு கதாபாத்திரம் செத்த செய்தி கேட்டு அதிர்ச்சியில் நிற்கும்போது பின்னணி முழுக்க வெள்ளையாக இருந்தால், அங்கே சுவரும் இல்லை, வானமும் இல்லை. உலகமே காணாமல் போயிற்று என்று அர்த்தம். கலர் அடிப்பவர் அதில் நீலம் போட்டால் அது வெறும் வானம்.

வேகமும் மாறும். கருப்பு வெள்ளைப் பக்கத்தில் கண் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும்; ஒரு பக்கம் சில நொடியில் முடிந்துவிடும். கலர் இருந்தால் கண் நின்று பார்க்கும். அது ஓவியத்துக்கு நல்லது, துரத்தல் காட்சிக்கு நல்லதல்ல.

போன் எல்லாவற்றையும் மாற்றுகிறதா?

ஜப்பான் மங்கா சந்தை 2024-ல் சுமார் 70,000 கோடி யென். இதில் 70 சதவீதத்துக்கு மேல் டிஜிட்டல் விற்பனை. அச்சில் வரும் ஷோனென் ஜம்ப்போ 65 லட்சத்தில் இருந்து 11 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. 'கலர் அச்சு செலவு' என்ற பழைய காரணம் போனில் செல்லாது.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது கொரியாவின் வெப்டூன். பக்கம் புரட்ட வேண்டாம், மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போகலாம். ஆரம்பத்திலிருந்தே போனுக்காக, முழுக் கலரில். 'சோலோ லெவலிங்' இப்படி வந்ததுதான். 2016-ல் ஜப்பானில் தொடங்கிய கொரிய காகாவ் நிறுவனத்தின் 'பிக்கோமா' செயலி அங்கே பெரிய சந்தையைப் பிடித்தது. 2024-ல் ஜம்ப்பை வெளியிடும் ஷுயெய்ஷாவே 'ஜம்ப் டூன்' என்று வெப்டூன் தளம் தொடங்கிவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு 'கருப்பு வெள்ளை முடிந்தது' என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். வெப்டூனில் வாரத்துக்கு 60, 70 கட்டங்கள், அத்தனையும் கலரில். தனி ஆள் தாங்க மாட்டார். அதனால் பெரிய தொடர்கள் ஸ்டுடியோ முறைக்குப் போய்விட்டன: கதைக்கு ஒருவர், கோட்டுக்கு ஒருவர், கலருக்கு ஒருவர், பின்னணிக்கு முப்பரிமாண மாடல். வேலைப்பளு பற்றியும் ஓய்வு வாரம் பற்றியும் கொரியாவில் தொடர்ந்து குரல் எழுகிறது. கலர் இலவசமாக வருவதில்லை. அச்சகம் கொடுத்த செலவை இப்போது யாரோ ஒருவரின் கையும் கண்ணும் கொடுக்கின்றன. 20 வயதில் ஒரு பேனாவும் காகிதமுமாகத் தனியாக உட்கார்ந்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு கதையை வரைந்து ஜம்ப்புக்கு அனுப்புகிற வாய்ப்பு, கருப்பு வெள்ளை இருப்பதால்தான் இன்னும் இருக்கிறது. மங்காவில் இத்தனை வினோதமான கதைகள் வருவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

ஏஐ கலர் அடித்துத் தரலாமே என்பது அடுத்த கேள்வி. 2017-லேயே ஜப்பானின் ப்ரிஃபர்ட் நெட்வொர்க்ஸ் 'பெயிண்ட்ஸ் செயினர்' என்ற கருவியை வெளியிட்டது. கோட்டோவியத்தைக் கொடுத்தால் தானாகவே கலர் பூசும். இன்று அதைவிடப் பல மடங்கு முன்னேறிவிட்டது. ஆனால் அந்தக் காட்சி இரவா விடியலா, அந்த வெள்ளை சுவரா அதிர்ச்சியா என்பது கருவிக்குத் தெரியாது, ஊகிக்கும். இன்னொன்று, படைப்பாளியின் விருப்பத்துக்கு மாறாக அவர் படைப்பை மாற்றக் கூடாது என்று ஜப்பான் காப்புரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. யாரோ கலர் அடித்து இணையத்தில் போடுவது சாதாரண விஷயம் அல்ல.

எதிர்த் திசையிலும் ஒன்று நடந்தது. திகில் மங்கா மன்னர் ஜுன்ஜி இட்டோவின் 'உசுமாகி' 2024-ல் நான்கு பகுதி அனிமேவாக வந்தது. டிவிக்கு எடுத்தது, கலர் அடிக்க எந்தத் தடையும் இல்லை. தயாரித்தவர்கள் கருப்பு வெள்ளையில்தான் எடுத்தார்கள். இட்டோவின் அந்தச் சுருள் கோடுகள் கலரில் பயமுறுத்தாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

போனில் படிப்பவர்களுக்குச் சில விஷயம்

படம் முழுக்க அலை அலையாக வினோதமான கட்டங்கள் தெரிகிறதா? போன் பழுது இல்லை. ஸ்கிரீன் டோன் புள்ளிகளும் போன் திரையின் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் தோற்றம். இதற்கு 'மொய்ரே' என்று பெயர். கொஞ்சம் பெரிதாக்கினால் மறைந்துவிடும். பழைய மங்காவை யாரோ மட்டமாக ஸ்கேன் செய்து ஏற்றிய பக்கங்களில் இது அதிகம்.

இரண்டு பக்கம் சேர்ந்து ஒரே படமாக வரும் இடங்களில் போனைப் படுக்கவைத்துப் பாருங்கள். வலமிருந்து இடமாகத்தான் படிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். திரையை மஞ்சளாக்கும் கண் பாதுகாப்பு வசதியைப் போட்டுக்கொண்டு படித்தாலும் மங்காவுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது; ஜம்ப்பின் அசல் காகிதமே அந்த நிறத்துக்குக் கிட்டத்தில்தான் இருக்கும்.

ஷுயெய்ஷாவின் 'மங்கா பிளஸ்' செயலியில் பல தொடர்களின் முதல் மூன்று, கடைசி மூன்று அத்தியாயங்களை ஆங்கிலத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதிகாரப்பூர்வ கலர் பதிப்புகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் மட்டுமே கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் 'ஃபுல் கலர்' என்று இலவசமாகச் சுற்றும் ஃபைல்களில் பெரும்பாலானவை திருட்டுப் பிரதிகள். டிராகன் பாலின் ஒரு பகுதிக்கு மட்டும் விஸ் நிறுவனம் ஆங்கிலத்தில் முறைப்படி கலர் தொகுதிகள் வெளியிட்டிருக்கிறது. கோகுவின் முடி அதில் தங்க நிறம்தான்.